வலது ஓரம்

மோசஸ் ஸ்டூடியோ,
திருவள்ளூர்.
12-1-1974

தம்பி ஜெயராஜுக்கு,

நலம். அம்மாவும் நலம். இதைக் கேட்டு நீ எழுதவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நீ எளாவூருக்குப் போனபோது என் கடையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனாய். பெரிய கேமராவின் லென்ஸை அதன் பலகையோடு இறுக்கியிருக்கும் வளையத்தைக் கழற்றுகிற இரண்டு முனைத் திருகி. அதைச் செய்தது நீதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக நீ தேய்த்த அரம் என்னுடையது. திருகியைத் திருப்பி அனுப்பு.

நம் சபைக்கு இது ஐம்பதாவது வருஷம். பிப்ரவரி 24 ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முழுச் சபையையும் ஆலயத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். குழந்தைகளோடு சேர்த்து நூற்றைம்பது பேர். பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்கள். போதகர் என்னைத்தான் கேட்டார். அதற்கு முன்னால் லென்ஸைக் கழற்றித் துடைக்க வேண்டும். துடைக்க மட்டும்தான். லென்ஸில் குறை எதுவும் கிடையாது.

சபைக் கூட்டத்தில் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காக்களூர்க் கம்பெனியில் வேலை செய்யும் தேசப்பன் எழுந்து, "இன்னா மோசஸண்ணே, இந்தத் தபா வலது ஓரத்துல யார நிக்க வெக்கப் போற? யார் மேல கோவமா கீற?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். போதகர்கூடக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிப்ரவரி 17க்குள் ஓரத்திலிருந்து ஓரம் வரை தெளிவாக ஒரு சோதனைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னார். இல்லாவிட்டால் மதராஸிலிருந்து ஆள் வருவானாம். இருபது வருஷம் இந்த ஊருக்குப் படம் எடுத்தவனிடம் சோதனை கேட்கிறார்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? 1972 கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் நான் எடுத்த படத்தில் உன் மனைவியின் முகத்தை நான் வேண்டுமென்றே மங்கலாக்கிவிட்டேன் என்று நீ ரயிலில் ஏறி இறங்கும் இடமெல்லாம் சொன்னாய். அங்கிருந்துதான். நம் வீட்டுப் படத்தில் வயதுப்படிதான் நிற்க வேண்டும். மூத்தவர் இடது ஓரம், கடைசியாக வீட்டுக்கு வந்தவர் வலது ஓரம். இது நான் அவளுக்காக உண்டாக்கிய சட்டம் இல்லை. இடது ஓரத்தில் நாற்காலியில் இருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி விளிம்பில் ஃபோகஸ் வைத்தேன். ஊசி முனைபோல் வந்தது. பெரியவர் சரியாக இருந்தால் வரிசையில் எல்லாரும் சரியாக இருப்பார்கள். எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன், யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. படம் மங்கியதற்கு ஒரே காரணம், அவள் அசைந்தாள். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

உன்னோடு வேலை செய்யும் கோபால் இந்தப் பக்கம் வரும்போது திருகியைக் கொடுத்தனுப்பு. உன் கல்யாணத்துக்குத்தான் எனக்கு ஒரு அழைப்பு வைக்க மனம் வரவில்லை. திருகி அனுப்ப அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டியதில்லை.

அண்ணன்
மோசஸ்


எளாவூர்,
19-1-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு ஸத்யபாமா எழுதுவது.

நீங்கள் கேட்ட திருகியை இந்தத் தாளில் சுற்றி கோபாலிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் தம்பி எழுத மாட்டேன் என்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தவரை உட்காரவைத்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அரம் உங்களுடையது என்ற இடத்தில் சிரித்தார். நான் அசைந்தேன் என்ற இடத்தில் எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "அவராண்ட இன்னாத்த எழுதறது? திருகிய மட்டும் குட்த்தனுப்பு" என்றார்.

அவருக்கு எழுத ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

மாமா, நான் அசையவில்லை. அத்தை கூப்பிட்டு அந்த வீட்டுக்கு நான் வந்த முதல் நாள் அது. வாசலில் யாரும் என்னோடு பேசவில்லை. நீங்கள் கறுப்புத் துணிக்குள்ளிருந்து "யாரும் மூச்சு விடாதீங்க" என்றீர்கள். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்பதற்காகவே மகிழ்ச்சியோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். காலில் ஈ உட்கார்ந்தது. அதையும் விரட்டவில்லை. தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் எந்த வரியில் தப்பு என்று காட்டாமல் நான் விடுவதில்லை. உங்களுக்கும் காட்டுகிறேன். அந்தப் படத்தை எடுத்து எங்களுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவரைப் பாருங்கள். அத்தைக்குப் பின்னால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிகிறது. முத்தம்மா அக்காவுக்குப் பின்னால் கொஞ்சம் குறைகிறது. உங்கள் தம்பிக்குப் பின்னால் இன்னும் குறைகிறது. எனக்குப் பின்னால் கல்லே இல்லை, வெறும் புகை. நான் அசைந்தேன் என்றே வைத்துக்கொள்வோம். சுவரும் அசைந்ததா?

பாப்பா இப்போது பேச ஆரம்பித்திருக்கிறாள். அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் ஒவ்வொருவராகச் சொல்கிறாள். பாட்டி, பெரியம்மா, நைனா. என்மேல் விரலை வைத்துக் கேட்டால், "யாரோ" என்கிறாள்.

குறை கேமராவிலா, உங்கள் மனதிலா? இரண்டில் எது என்று மட்டும் எழுதுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

ஸத்யபாமா


திருவள்ளூர்,
27-1-1974

தம்பி ஜெயராஜுக்கு,

திருகி வந்தது. கடிதம் இல்லாமல் வந்தது என்று நான்கு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு.

நான் இருட்டறையில் இருந்தால் கதவைத் திறக்கக் கூடாது, வருகிற தபாலையும் தாளையும் கதவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும் என்பது இந்த வீட்டில் உனக்கும் தெரிந்த வழக்கம். உன் அண்ணி முத்தம்மா அப்படியே தள்ளியிருக்கிறாள். உள்ளே எரிவது சிவப்பு விளக்கு. உன் மனைவியோ முழுக்கச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். சிவப்பு விளக்கில் சிவப்பு மை கண்ணுக்குத் தெரியாது. வெற்றுத் தாள் என்று நினைத்துத் திருகியிலிருந்த எண்ணெயை அதில் துடைத்து எறிந்துவிட்டேன். நேற்று பெருக்கும்போது முத்தம்மா எடுத்து வந்து, "இன்னாய்யா, டீச்சரம்மா இவ்ளோ எழுதிக்கீது, நீ குப்பையில போட்டுக்கீற" என்றாள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சிவப்பு மை பிள்ளைகளின் தப்பைத் திருத்துவதற்கு என்று அவளிடம் சொல். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

சுவரைப் பற்றி எழுதியிருக்கிறாள். படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படத்தையும் பார்த்தேன். அது பழைய சுவர். அந்தப் பக்கம் கல் தேய்ந்திருக்கலாம்.

பிறகு போய்ச் சுவரையும் பார்த்தேன். தேயவில்லை.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன், நீயே யோசித்துப் பார். லென்ஸில் குறை என்று நான் சொன்னால் போதகர் மதராஸ் ஆளைக் கூப்பிடுவார். குறை இல்லை என்று சொன்னால் தம்பி மனைவியை வேண்டுமென்றே அவமானப்படுத்தியவன் என்று ஆகிவிடுவேன். இரண்டையும் நான் ஏற்கப் போவதில்லை. ஏனென்றால் லென்ஸில் குறையும் இல்லை, நான் வேண்டுமென்று செய்யவும் இல்லை.

வியாழக்கிழமை ஆலயத்துக்கு முன்னால் வரிசை அளவெடுக்க இருபது பேரை நிறுத்திப் பார்த்தேன். வலது ஓரத்துக்கு ஒருவரும் போகவில்லை. கடைசியில் நிற்பவன் பக்கத்தில் இருப்பவனுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்கிறான். அதைப் பார்த்து, இப்போது கடைசியாகிவிட்டவனும் அப்படியே போகிறான். வரிசை இடப்பக்கமே நகர்ந்து நகர்ந்து மாதுளைச் செடியில் போய் முட்டியது. தேசப்பன் செடிக்குள் நின்றுகொண்டு, "பரவால்லண்ணே, எடு. முள்ளு குத்தனாலும் மூஞ்சி தெரியும்" என்றான்.

எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்த முறை வாங்கிய அரிசி சரியில்லை.

மோசஸ்


எளாவூர்,
1-2-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நீல மையில் எழுதுகிறேன். அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், கையில் இருந்த பேனாவால் எழுதிவிட்டேன். உங்களைத் திருத்துகிற எண்ணம் இல்லை. சுவரைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி.

உங்கள் தம்பி இன்னமும் எழுத மாட்டேன் என்கிறார். ஆனால் மாதுளைச் செடி வரை படித்ததும் சிரித்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"செவுத்துல நூஸ் பேப்பர ஒட்டச் சொல்லு. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும். மொதல்ல எப்பவும் மாதிரி இடது ஓரத்துல ஃபோகஸ் வெச்சி ஒரு படம் எடுக்கட்டும். அப்புறம் வலது ஓரத்துல வெச்சி ஒண்ணு. வலதுல வெச்சும் வலது மங்கலா வந்தா லென்ஸு கெட்டுப்போச்சி. வலது நல்லா வந்து இடது மங்கிச்சின்னா லென்ஸு நல்லாத்தான் கீது, எதுவோ ஒண்ணு கோணிக்கினு நிக்குது. அத்தத்தான் தேடணும்."

"இதை நீங்களே எழுதலாமே" என்றேன். "நான் எழுதல. நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் வலது ஓரத்தில் இருப்பவர்மேல் ஃபோகஸ் வைத்ததில்லை. வைத்துப் பாருங்கள் மாமா. நான் நன்றாகத் தெரிந்தாலும் தெரிவேன்.

அழைப்பு வைக்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அழைப்பிதழ் அனுப்பினோம். நேரில் வந்து வைப்பதுதான் முறை, தெரியும். சபையில் நடக்காத கல்யாணம் என் தம்பி கல்யாணமே இல்லை என்று நீங்கள் கடை வாசலில் கத்தியதற்குப் பிறகு நேரில் வர எங்களுக்குத் தைரியம் இல்லை. கோபாலிடம் கொடுத்தனுப்பினோம். முத்தம்மா அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்ததாகத்தான் அவன் சொன்னான். உங்கள் பெயரை நானே எழுதினேன். கல்யாணத்தன்று நல்ல நேரம் முடிகிறவரை உங்கள் தம்பி தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போதுகூட.

ஸத்யபாமா


திருவள்ளூர்,
6-2-1974

தம்பி ஜெயராஜுக்கு,

நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. நானே செய்வதாகத்தான் இருந்தேன்.

கடைக்குப் பின்னால் உள்ள சுவரில் மைதா பசை காய்ச்சிச் செய்தித்தாள் ஒட்டினேன். இடது ஓரத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் இடப்பக்கத்து வரி விளம்பரம்வரை படிக்க முடிகிறது. அங்கிருந்து போகப் போக எழுத்து கரைந்து, வலது ஓரத்தில் எண்ணெய் கொட்டிய தாள் மாதிரி இருக்கிறது.

பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வலது ஓரத்தைப் பார்த்தேன். பிம்பம் விழுகிற தேய்த்த கண்ணாடியில் அந்த ஓரம் எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், அதனால் நான் அங்கே பார்ப்பதில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, கேமராவின் மடிப்புத் துருத்தியை ஒரு மயிரிழை நகர்த்தினேன். எழுத்து எழுந்து வந்தது. எடுத்துக் கழுவிப் பார்த்தேன். வலது ஓரம் கத்தி முனை. இடது ஓரம் போய்விட்டது. அம்மா உட்கார்ந்திருந்த இடம்.

பயந்துவிட்டேன். எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகும், இருக்கட்டும்.

எது கோணி நிற்கிறது என்று நான்கு நாளாகத் தேடுகிறேன். கேமராவிலிருந்து சுவருக்கு இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தேன், சமம். கால்கள் சமம். தேய்த்த கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன், சமம். தரையில் தண்ணீர் ஊற்றிக்கூடப் பார்த்தேன். முத்தம்மா, "ஊட்டு தரையில இன்னாத்துக்குய்யா தண்ணி ஊத்திக்கினு கீற?" என்று சண்டைக்கு வந்தாள்.

லென்ஸ் பலகையை மட்டும் தொடவில்லை. தொடத் தேவையில்லை. மூன்று கோடைக்கு முன், நீ போன பிறகு, வெயிலில் அந்தப் பலகை சுருங்கி ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தது. இருட்டறையில் துருத்திக்குள் பல்பை வைத்து இடுக்கைக் கண்டுபிடித்து, அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் என் கையாலேயே தாள் மடித்து இறுக்கி அடைத்தேன். அன்றிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போனதில்லை. அது சரியான வேலை.

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் மங்கல் குறையும், எனக்கும் தெரியும். ஆனால் அப்போது நான்கு விநாடி திறந்து வைக்க வேண்டும். நூற்றைம்பது பேரில் நாற்பது குழந்தைகள் நான்கு விநாடி நிற்குமா? 17ஆம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான். மதராஸ் ஆளுக்குப் போதகர் ஏற்கெனவே எழுதிவிட்டார் என்று தேசப்பன் சொல்கிறான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

அழைப்பிதழ் பற்றி முத்தம்மாவைக் கேட்டேன். "எது வந்தாலும் கதவுக்கு அடியில தள்றேன். நீதான சொன்ன? உள்ள போனதுக்கு நானா ஜவாப்தாரி?" என்கிறாள். எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா இல்லையா என்பது என் விஷயம். கூப்பிடவில்லை என்பது உங்கள் விஷயம்.

உன் மனைவி எழுதியதில் ஒன்றை மறுபடி படித்தேன். தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாயாமே. அதை நீ எனக்குச் சொன்னதில்லை.

மோசஸ்


எளாவூர்,
10-2-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததா என்று மூன்று நாளாக உங்கள் தம்பியே தபால் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேலைக்குப் போகும் வழி என்கிறார். அது வழி இல்லை.

படித்து முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார். "தன் கை பட்ட எடத்த வுட்டுட்டு ஊரு பூரா தேடறாரு பாரு! தரையில தண்ணி ஊத்துவாரு, பலகைய தொட மாட்டாரு. ஒரு பக்கம் மட்டும் தாள இறுக்கி வெச்சா பலகை நேராவா நிக்கும்? அந்தப் பக்கம் தூக்கிக்கினு, லென்ஸு வேற எங்கியோ பாத்துக்கினு நிக்கும். வெளிச்சம் போவலியாம், சரியான வேலையாம்!"

"நீங்கள் நேரில் போனால் உடனே சரி செய்துவிடலாமே" என்றேன். "ரெண்டு நிமிஷ வேல. ஆனா கூப்பிடாத ஊட்டுக்கு நான் போவ மாட்டேன். அண்ணன் மட்டும்தான் ரோசக்காரரா?" என்றார். பிறகு திருகிக்கு இன்னொரு முனை வைத்திருக்க வேண்டும், பலகைத் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயை மறக்காதீர்கள்.

மாமா, நீங்கள் அதைத் திறக்கப் பயப்படுகிறீர்கள். உங்கள் கை வேலையில் தப்பு இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அது எனக்குத் தெரிந்த பயம்தான். கரும்பலகையில் நானே தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் முன்னால் அழிக்கிற அன்றைக்கு நானும் டஸ்டரைத் தேடுவதுபோல் நேரம் கடத்துவேன்.

ஆனால் மூன்று கோடையாக அந்தத் தாள் அங்கே இருக்கிறது. அதற்குள் எத்தனை கும்பல் படம் எடுத்திருப்பீர்கள்? பள்ளிக்கூடப் படங்களில் வலது ஓரத்தில் யார் நின்றிருப்பார்கள்? தண்ணீர் கொண்டுவருகிற ஆயா, மணி அடிக்கிறவர். ஓரத்தில் நிற்பவர்கள் வந்து கேட்க மாட்டார்கள். கேட்டது நான் ஒருத்திதான். அதற்காகத்தான் என்மேல் உங்களுக்குக் கோபமோ என்று சில சமயம் நினைக்கிறேன்.

எனக்காக வேண்டாம். 24ஆம் தேதி அங்கே யாரோ ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அவளுக்காகத் திறந்து பாருங்கள்.

ஸத்யபாமா


திருவள்ளூர்,
18-2-1974

ஸத்யபாமாவுக்கு,

இதை உன் பெயருக்கே எழுதுகிறேன். தம்பிக்கு நீ படித்துக் காட்டு.

செவ்வாய்க்கிழமை பலகையைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் ஊற்றித்தான். வலப்பக்கம் நான் வைத்த தாள் எட்டாக மடிந்து, மூன்று கோடை இறுகிக் கட்டைபோல் ஆகியிருந்தது. அது இருந்த பக்கம் பலகை ஒரு நெல் தடிமன் தூக்கி நின்றது. தம்பி சொன்னது சரி. அவனிடம் இதைச் சொல்லலாம். ஒரு தடவை சொன்னால் போதும்.

தாளை எறியப் போனேன். எந்தத் தாள் இவ்வளவு கெட்டியாக இருந்தது என்று பார்க்கலாம் என்று கடை வாசலுக்கு எடுத்து வந்து, வெயிலில் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன்.

மஞ்சள் தாள். சிவப்பு எழுத்து. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. மேலே சிவப்பு மையில் உன் கையெழுத்து: "அண்ணன் மோசஸ் அவர்களுக்கும் அண்ணி முத்தம்மாவுக்கும். அவசியம் குடும்பத்தோடு வந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்." கீழே தேதி, இடம், நேரம்.

சிவப்பு விளக்கில் அது வெறும் தாள். மளிகைக் கடையிலிருந்து சாமான் சுற்றி வந்த கெட்டித் தாளை முத்தம்மா உள்ளே தள்ளியிருக்கிறாள் என்று நினைத்திருப்பேன். இடுக்குக்கு அளவாக இருந்தது.

நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் போன தேசப்பன் சைக்கிளை நிறுத்தி, "இன்னாண்ணே, பத்திரிகையா? யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

"என் தம்பிக்கு" என்றேன்.

"எப்ப?" என்றான்.

தேதி இருந்த வரியை விரலால் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

லென்ஸில் குறை இல்லை. நான் வேண்டுமென்றும் செய்யவில்லை. இந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன். மூன்றாவதாக ஒன்று சொல்லிவந்தேன். அது சரியில்லை என்று நேற்று ஆராதனை முடிந்து எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். சுவரும் அசையவில்லை, சுவருக்கு முன்னால் நின்றவளும் அசையவில்லை என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அழைப்பு கைக்கு வந்திருந்தால் வந்திருப்பேனா என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். வந்திருப்பேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தெரியாததை நான் எழுதுவதில்லை.

பலகைக்கு நான்கு பக்கமும் ஒரே தடிமனில் தகரம் வெட்டி வைத்துவிட்டேன். செய்தித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்து விளம்பரமும் வலது ஓரத்து விளம்பரமும் ஒரே மாதிரி படிக்க முடிகிறது. போதகரிடம் காட்டினேன். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, "அப்படி என்ன கோளாறு இருந்தது மோசஸ்?" என்றார். "தபால் தாமதம்" என்றேன். மதராஸ் ஆளை வர வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

ஆனாலும் வலது ஓரம் காலியாகத்தான் இருக்கிறது. செய்தித்தாளைக் காட்டினால் நம்புகிறார்கள், போய் நில்லுங்கள் என்றால் மாதுளைச் செடியைப் பார்க்கிறார்கள். ஒருவர் அங்கே நின்றால் மற்றவர்கள் நிற்பார்கள். அந்த ஒருவர் யார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சபையில் இல்லாத பெண் வரிசையில் நிற்கலாமா என்று கேட்டார்கள். வரிசை என் வேலை என்றேன்.

அதனால் 24ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு நீயும் தம்பியும் குழந்தையும் வர வேண்டும். நேரில் வந்து அழைப்பதுதான் முறை. தகரத்தை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியிருப்பதால் நான் கடையை விட்டு நகர முடியாது. முத்தம்மா வெற்றிலை பாக்கோடு பஸ்ஸில் வருகிறாள். இந்தக் கடிதத்தை எங்கேயும் தள்ளிவிடாமல் உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீல மையில்தான் எழுதியிருக்கிறேன்.

திருகியைத் தம்பிக்குத் திருப்பி அனுப்பவில்லை. வேண்டுமானால் இங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும். அழைப்பிதழையும் அனுப்பவில்லை. அது எனக்கு வந்தது.

இந்த முறை வலது ஓரத்திலிருந்து ஃபோகஸ் வைக்கப் போகிறேன். அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியும், கண்டுபிடிக்க நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அசையாமல் நிற்கக்கூடியவர் அங்கே இருக்க வேண்டும்.

மோசஸ்